கையெட்டுகிற ஜன்னல்

இது நான் பார்த்த கதை இல்லை. என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்த ஒருத்தி சொன்னது. அவளுக்கு அவள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி சொன்னது. அந்தப் பக்கத்து நாற்காலிக்காரிதான் சுகிர்தாவோடு ஒரே பஸ்ஸில் போய்வந்தவள். ஆகையால் நடுவில் யாராவது கூட்டியிருக்கலாம், குறைத்திருக்கலாம். தெரிந்து நான் செய்த மாற்றம் ஒன்றுதான். காலனியின் பெயர் ரத்னவேல் இல்லை, அது நான் வைத்தது. காலனி என்ற சொல்லை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் கதை இல்லை.

சுகிர்தா கிண்டியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கட்டடங்களுக்குக் கணினியில் வரைபடம் போடுகிறவள். அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. விடுதியில் ஆறு கட்டில்களுக்கு நடுவே இரண்டு வருஷம் தூங்கி எழுந்த பிறகு, ஊரிலிருக்கிற அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் சென்னையை ஒவ்வொரு பேட்டையாகப் பார்க்கத் தொடங்கினாள்.

அம்மா சரோசாவுக்கு வீட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. செஞ்சிப் பக்கம் கீழ்ச்சேவூரில், ஊர் என்றால் கோயிலும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் பஸ் நிற்கிற இடமும்; அங்கிருந்து ஒரு மண்பாதை இறங்கி, வயலைக் கடந்து, வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் இடது பக்கம் வளைந்து, கடைசியில் போய்ச் சேருகிற இடம் காலனி. யார் எந்தப் பக்கத்து ஆள் என்பதை அங்கே யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, பாதையே சொல்லிவிடும். அந்தக் காலனியிலும் கடைசியாக, தள்ளித் தனியாக நின்ற வீடு சரோசாவுடையது. புருஷன் செத்து, மகளும் படிக்கப் போய்விட்ட பிறகு, உப்பு தீர்ந்தால் கேட்கக்கூட ஒரு குரல் கூப்பிடுகிற தூரத்தில் அவளுக்கு ஆள் கிடையாது. ஆகவே மகள் போனில் எந்த இடத்தைச் சொன்னாலும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"வேளச்சேரிம்மா. ஆபீசுக்கு ரொம்பக் கிட்ட."

"பக்கத்து வூடு எவ்ளோ கிட்ட?"

"மழைக்காலத்துல தண்ணி ஏறிடுமாம்மா."

"தண்ணிய வுடுடி. பக்கத்து வூடு?"

பழைய மாமல்லபுரம் சாலையில் வானத்தைத் தொடுகிற ஒரு அடுக்குமாடியைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவு நாலடியில் இருக்கிறது, ஆனால் எப்போதும் சாத்தியிருக்கிறது என்று சொன்னாள்.

"தட்னா தெறக்க மாட்டாங்களா?"

"செல்போன்ல சொல்லிட்டுத்தான் தட்டணுமாம்."

"அய்ய, அது ஆஸ்பத்திரிடி."

இன்னொரு பேட்டையில் வீட்டுக்காரம்மா கம்பிக் கதவைத் திறக்காமலே சைவமா அசைவமா என்று கேட்டாள், பிறகு முழுப்பெயரைக் கேட்டாள், பிறகு அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாள், பிறகு சொந்தக்காரப் பையன் ஒருவன் ஊரிலிருந்து வருவதாக இருக்கிறது என்றாள். அதன் பிறகு சுகிர்தா பார்த்த வீடுகளிலெல்லாம், அவள் பார்த்துவிட்டுப் போன மறுநாளே, யாரோ ஒரு சொந்தக்காரப் பையன் ஊரிலிருந்து வந்து இறங்கினான். தென்சென்னை முழுக்க அந்தப் பையன் ஒருவனே எப்படிக் குடியேறுகிறான் என்று அவள் விடுதியில் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போனவள் திரும்பிவர நேரமாயிற்று.

ஒரு தரகர் அவளைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடைசியாக ஒரு வளைவுக்கு முன்னால் நிறுத்தினார். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: ரத்னவேல் காலனி. கீழே குடியிருப்போர் நலச்சங்கம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. வாசல்தோறும் கார் நின்றது. நந்தியாவட்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவர் போனில், "காலனிக்கு வந்துடுங்க, காலனில யாரைக் கேட்டாலும் சொல்வாங்க" என்று சத்தமாக, வெட்கமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. எந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப்பதிவில் படிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வாளோ, எந்தச் சொல்லுக்காகக் கல்லூரிக் காலத்தில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாளோ, அதே சொல்லை இங்கே ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா சிரிக்கிற?" என்றார் தரகர். "ஃபேமிலி ஏரியா. காலனின்னாலே டீசண்டு."

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். சாவி சங்கச் செயலாளர் தணிகாசலத்திடம் இருந்தது. தணிகாசலம் அன்று திருப்பதி போயிருந்தார், அவருடைய மருமகள் சாவியைக் கொடுத்தாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு சமையலறை ஜன்னல். அதில் கோமளா ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார், வந்த முதல் நாளே ஒரு கிண்ணம் வத்தக்குழம்பைக் கம்பி வழியாக நீட்டினார்.

"கைநீட்டியா குடுத்தாங்க?" என்று சரோசா போனில் திரும்பத் திரும்பக் கேட்டாள். "எட்டுச்சா? எழுந்து வராமயே எட்டுச்சா?"

"எட்டுச்சும்மா."

"கல்லக்கா புடுங்கி முடிச்ச கையோட வந்துர்றேன். நானும் அந்தம்மாவுக்கு எதுனா நீட்டணும்."

அந்த ஒரு மாதம் சுகிர்தா காலனி என்ற சொல்லை ஆசை தீரச் சொன்னாள். ஆட்டோக்காரரிடம், கூரியர்காரரிடம், அலுவலகத்தில், வங்கியில், தேவையிருந்த இடத்திலும் தேவையில்லாத இடத்திலும், காலனி, காலனி என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்குள் இருந்த முள் மழுங்கிவிட்டதாக நினைத்தாள். தப்பு அங்கேதான் நடந்தது.

மொட்டைமாடியில் சங்கக் கூட்டம். தண்ணீர் லாரி பற்றிப் பேசி முடித்து எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தணிகாசலம் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பணி ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுகிறவர்.

"சொந்த ஊர் எதும்மா?"

"செஞ்சி பக்கம் அங்கிள். கீழ்ச்சேவூர்."

"அட, நம்ம பக்கம்! எனக்கு அங்கிருந்து ரெண்டு ஊர் தள்ளி. கீழ்ச்சேவூர்ல எங்க?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் சின்ன வயதிலிருந்தே பதில்கள் தயாராக இருந்தன. ஸ்கூல் பக்கம் என்பாள், மெயின் ரோட்டு மேல என்பாள், ஆளைப் பார்த்து மாற்றிச் சொல்வாள். அன்று நாக்கு பழகிப்போயிருந்தது.

"காலனிலதான் அங்கிள்."

கோமளா ஆன்ட்டி கைதட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா, அங்கயும் காலனி, இங்கயும் காலனி! ராசிக்காரப் பொண்ணு!"

தணிகாசலமும் சிரித்தார். சுண்டல் காகிதத்தை மடித்துக் கீழே வைத்தார். "நல்லதும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, "நல்லதும்மா" என்றார். அந்த இரண்டாவதுதான் அவளுக்குப் படிகளில் இறங்கும்போது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் கோமளா ஆன்ட்டி கறிவேப்பிலை நீட்டியபோது கை எட்டவில்லை. ஒரு சாண் குறைந்தது. இரண்டு பேரும் தோள்வரை கம்பிக்குள் விட்டு நீட்டிப் பார்த்தார்கள், கறிவேப்பிலை நடுவில் விழுந்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள். "பழைய வீடு, மண்ணு எறங்குது" என்றார் ஆன்ட்டி. அடுத்த நாள் ஒரு முழம் குறைந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் ஒரு கார் நிறுத்துகிற அளவு இடம் இருந்தது, உடனே ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

இப்படியாக சுகிர்தாவின் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் நிலம் விரிந்தது. எந்தச் சுவரிலும் விரிசல் விழவில்லை, எந்தக் குழாயும் உடையவில்லை, மின்கம்பிகள் பாட்டுக்கு நீண்டுகொடுத்தன. முதலில் புல் வந்தது, புல்லுக்குள் நெருஞ்சி வந்தது, மழை பெய்ததும் தவளை வந்தது. காலனிக்காரர்கள் வீடு வாங்கிய நாள் முதல் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர்கள், ஆகவே பிள்ளைகள் ஸ்டம்பு நட்டார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் காலையில் சுற்றி நடந்தார்கள். சங்கத்தில் இரண்டு சிமெண்ட் பெஞ்சு போட்டார்கள், இரண்டையும் வீட்டுக்கு முதுகு காட்டினாற்போலப் போட்டார்கள், அந்தப் பக்கம்தான் காற்று வருகிறது என்றார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து நாடா பிடித்துப் பார்த்துவிட்டு, காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, தரையில் இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார்.

யாரும் அவளை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. பாவம், தனியாக இருக்கிறது அந்தப் பொண்ணு என்றுதான் சொன்னார்கள். சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள் வளைவுக்குப் பக்கத்திலேயே நின்று, மேப்பில் இங்கேதான் காட்டுகிறது, இதற்குமேல் வரமுடியாது என்று போன் செய்தார்கள். பால்காரர் பாக்கெட்டை பெஞ்சு மேல் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். கோமளா ஆன்ட்டி முதலில் ஜன்னலிலிருந்து கத்தினார், "என்ன குழம்பு?" என்று, இவளும் கத்தினாள், "முருங்கைக்காய் சாம்பார்!" என்று, பிறகு ஆன்ட்டிக்குத் தொண்டை கட்டியது, போன் செய்தார், பிறகு போனில் காலை வணக்கம் போட்ட ரோஜாப்பூப் படங்கள் வந்தன, பிறகு ரோஜாப்பூ மட்டும் வந்தது. ஒருநாள் கடையில் பார்த்தபோது ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் வீட்டுக்கு வரணும்னு தெனம் நெனைக்கறேன்டி கண்ணு. முட்டி வலி." சொன்னபோது அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அவர் நல்லவர்தான்.

"எட்டுதாடி?" என்று சரோசா போனில் கேட்டாள்.

"எட்டுதும்மா" என்றாள் சுகிர்தா. அம்மாவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

அம்மா வருவதற்குள் இதை நிறுத்திவிட வேண்டும் என்று அவள் தணிகாசலத்தின் வீட்டுக்கு நடந்து போனாள். அவர் அவளை உட்காரச் சொன்னார், காபி கொடுக்கச் சொன்னார், காபி காகித டம்ளரில் வந்தது.

"அங்கிள், தூரம் கூடிட்டே போகுது."

"நானும் பாக்கறேம்மா. நீ எங்கள விட்டுப் போறியா, நாங்க உன்ன விட்டுப் போறோமா, யாரால சொல்ல முடியும்? இயற்கை."

"அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் சொன்னேன்ல, அதுக்கப்புறம்தான்..."

"என்ன கேட்டேன்?"

அவள் காகித டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாராவது உன்ன ஏதாவது சொன்னாங்களாம்மா? பேர் சொல்லு, இப்பவே கூப்பிட்டுக் கேக்கறேன்."

"யாரும் சொல்லல அங்கிள்."

"யாரும் எதுவும் செய்யல, இல்ல?"

"இல்ல."

"அப்புறம் என்ன" என்றார் அவர், மிகுந்த கனிவோடு.

புல்லுக்கு நடுவே ஒருநாள் வாய்க்கால் ஓடியது. எங்கிருந்து தண்ணீர் வருகிறதென்று யாரும் பார்க்கவில்லை, பிள்ளைகள் பந்து போனால் இறங்கி எடுத்தார்கள். அதற்கு மறுநாள் மதகு வந்தது. மதகுக்குப் பக்கத்தில் பாதை இடது பக்கம் வளைந்தது. அலுவலகத்தில் நாளெல்லாம் வரைபடம் போடுகிறவள் அவள்; வாசலில் நின்று பார்த்தபோது, இந்த நிலம் எங்கே போய் நிற்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. வேறு பேட்டையில் வீடு பார்க்கிறேன் என்று தரகரிடம் சொன்னாள். தரகர் வண்டியை நிறுத்தி, வளைவைப் பார்த்தார், தூரத்தில் தெரிந்த வீட்டைப் பார்த்தார். "எங்க வெச்சாலும் இப்டி ஆச்சுன்னா என் தொழில் இன்னாமா ஆவறது?" என்றார்.

நிலம் அங்கேதான் போய் நின்றது. நின்ற வாரமே சங்கக் கூட்டம் போட்டார்கள். நிரஞ்சன் என்ற இளைஞன், புத்தகம் படிக்கிறவன், காலனி என்பது வெள்ளைக்காரன் வைத்த வார்த்தை, அடிமைத்தனத்தின் மிச்சம், நாம் இனி ரத்னவேல் நகர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பேசினான். எல்லோரும் கைதட்டினார்கள். பழைய பலகையை என்ன செய்வது என்று பேச்சு வந்தது.

"அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போறவங்களுக்கு அடையாளம் இல்லாம கஷ்டமா இருக்கே" என்று கோமளா ஆன்ட்டிதான் சொன்னார், நல்ல மனதோடு.

"ஆட்சேபணை இல்லையேம்மா?" என்று தணிகாசலம் அவளைக் கேட்டார்.

பெயிண்டர் பழைய பலகையில் இருந்த ரத்னவேல் என்ற சொல்லின்மேல் நீலம் அடித்தான், ஒரு அம்புக்குறி வரைந்தான், பலகையை வயல்பாதையின் தொடக்கத்தில் நட்டுவிட்டுப் போனான். காலனி, அந்தப் பக்கம்.

கடலைக்காய் பிடுங்கி முடிந்து சரோசா வந்தாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கோமளா ஆன்ட்டிக்கு வறுத்த கடலை ஒரு டப்பா. பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் வரும்போதே அவள் ஜன்னலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள், டப்பா கம்பிக்குள் நுழையுமா, நுழையாவிட்டால் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கலாமா என்று. சுகிர்தா ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள், ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை விழுந்தது. ரத்னவேல் நகர் வளைவில் ஆட்டோக்காரர் இறக்கிவிட்டார். கார்கள், நந்தியாவட்டை, மதில்கள், எல்லாவற்றையும் சரோசா வாயைத் திறந்து பார்த்தாள். தெரு முடிந்தது. பலகை நின்றது. சரோசாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

சுகிர்தா, "அம்மா, கொஞ்சம் நடக்கணும், இப்படி..." என்று கையைக் காட்டினாள்.

"வழி காட்டாத" என்றாள் சரோசா. "தெரியுது."

அவள் முன்னால் நடந்தாள். மகள் பின்னால் போனாள். வயலைக் கடந்து, கீழே பார்க்காமலே மதகின் உடைந்த கல்லைத் தாண்டிக் கால்வைத்து, இடது பக்கம் வளைந்து, தனியாக நின்ற வீட்டின் படியில் போய் உட்கார்ந்தாள். சமையலறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெகு தூரத்தில் ஒரு ஜன்னல் பொட்டு மாதிரி தெரிந்தது.

"நல்ல காத்து" என்றாள்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் கடலையைத் தாங்களே உரித்துத் தின்றார்கள். காலையில் சரோசா பையை எடுத்துக்கொண்டாள். சுகிர்தா அழுதாள், வேறு வீடு பார்க்கிறேன், வேறு பேட்டை பார்க்கிறேன், சென்னை எவ்வளவு பெரிசு தெரியுமா என்றாள்.

"இதுல குந்திக்கினு இருக்கறதுக்கு மெட்ராஸ் எதுக்குடி?" என்றாள் சரோசா. "இந்த வூடு நம்மகிட்ட ஏற்கெனவே கீதே."

அந்த வாரமே சுகிர்தா காலி செய்தாள். சாவியை பெஞ்சு மேல் வைக்கச் சொன்னார்கள். விடுதியில் அவளுடைய பழைய கட்டில் காலியாகத்தான் இருந்தது.

அவள் போனதும் நிலம் சுருங்கிற்று. வாய்க்கால் வற்றியது, மதகு மறைந்தது, பிள்ளைகள் ஒரு சாயங்காலம் மட்டையும் பந்துமாக வந்து பார்த்தபோது ஸ்டம்பு நட இடமில்லை, நடுவில் நிறுத்தியிருந்த காரை இரண்டு சுவர்களும் நெருங்கி வந்து இறுக்கிப் பிடித்திருந்தன. கோமளா ஆன்ட்டியின் ஜன்னலுக்கு எதிரே பழையபடி கையெட்டுகிற தூரத்தில் ஒரு ஜன்னல், உள்ளே யாருமில்லை. காலனிக்காரர்கள், இப்போது நகர்க்காரர்கள், முதலில் வருத்தப்பட்டார்கள், பிறகு கோபப்பட்டார்கள். நாம் பெஞ்சு போட்டு, புல் வெட்டிப் பராமரித்த மைதானம், அந்தப் பொண்ணு சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் தெருவில் நடந்து நாய்க்குப் பயந்தார்கள். கடைசியில் தணிகாசலம் போன் செய்தார்.

"எப்படிம்மா இருக்க? எல்லாருக்கும் உன் ஞாபகம்தான். குழந்தைங்க ஏங்கிப்போச்சு. திரும்பி வந்துடேன். நாங்க எல்லாரும் கேக்கறோம்."

"அம்மா வரமாட்டாங்க அங்கிள்."

"அப்படியா" என்றார். "சரிம்மா, கட்டாயப்படுத்தக் கூடாது. உன்ன மாதிரி வேற யாராவது வீடு தேடிட்டிருந்தா சொல்லேன். தெரிஞ்சவங்க இருப்பாங்க இல்ல?"

"நெறைய பேர் இருக்காங்க அங்கிள்" என்றாள் சுகிர்தா. "ஆனா யாருக்கும் அவ்ளோ எடம் தேவப்படல."

அவர் அதைக் கேட்டுச் சிரித்ததாகவும், நல்ல பொண்ணு என்று சொன்னதாகவும், நல்ல பொண்ணு என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்ததாகவும் எனக்குச் சொன்னவள் சொன்னாள். அத்தோடு அவள் கதை முடிந்தது.

நானும் இப்போது வீடு தேடிக்கொண்டிருப்பதால் ஒன்றைச் சரிபார்க்க முடிந்தது. வாடகைக்கு வீடு போடுகிற இணையதளத்தில் அந்த முகவரியைத் தேடினேன். விளம்பரம் இருக்கிறது. இரண்டு படுக்கையறை, நல்ல காற்றோட்டம், உடனே குடியேறலாம், அமைதியான குடும்பச் சூழல் என்று போட்டிருக்கிறார்கள். கடைசி வரி: "காலனியிலிருந்து வருகிறவர்களுக்கு முன்னுரிமை." நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரித்திருக்கிறார்கள்.